மருந்துக்கடைச் சுவரில் தொங்கும் என் பதிவுச் சான்றிதழை இறக்குவது குறித்து

அனுப்புநர்
பதிவு பெற்ற மருந்தாளுநர்,
மாடி வீடு, பேருந்து நிறுத்தம் எதிரில்.

பெறுநர்
மருந்து ஆய்வாளர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

பொருள்: நான் பணியில் இல்லாத கடை என் சான்றிதழைக் கொண்டு இயங்குவது – என் மீதும் கடை மீதும் நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடைத்தெருவில் வங்கிக்குப் பக்கத்து மருந்துக்கடையில் முப்பத்தோர் ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவன் நான். தொடக்கத்தில் அது ஒரே முதலாளியின் கடை. அவர் கண்ணை மூடியதும், ஆறு கடை வைத்திருந்த ஒருவருக்கு மகன்கள் அதை விற்றார்கள். எங்கள் கடையோடு அந்த ஆறையும் அறுநூறு கடை வைத்திருந்த நிறுவனம் வாங்கியது. அந்த நிறுவனத்தையே பிறகு ஒரு மருந்துக் கம்பெனி வாங்கியது. ஒவ்வொரு முறையும் போர்டு மாறியது. நானும் என் சான்றிதழும் அதே இடத்தில் இருந்தோம்.

2. கம்பெனி வந்தபின் அலமாரியில் மற்றவர்களின் மருந்துகள் மெல்லக் குறைந்தன. டாக்டர் எதை எழுதினாலும், அதற்கு ஈடாகக் கம்ப்யூட்டர் எங்கள் கம்பெனி மாத்திரையைத்தான் காட்டும். முதலில் முணுமுணுத்தேன், பிறகு பழகிவிட்டது.

3. நான்கு ஆண்டுகளுக்கு முன் முழங்கால் தேய்ந்து, ராஜினாமா கடிதத்துடன் போனேன். மேலாளர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. “நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க சார், சான்றிதழ் மட்டும் இங்கயே இருக்கட்டும்” என்றார். மாதம் ஒரு தொகையும் தருவதாகச் சொன்னார். தலையாட்டினேன். சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், நன்றாகவே தெரியும்.

4. என் தங்கைக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் இரண்டு மில்லிகிராம் மாத்திரை. சென்ற மாதம் அந்தக் கடையில் ஐந்து மில்லிகிராம் கொடுத்துவிட்டார்கள். இரண்டுமே ஒரே நீல அட்டை. எட்டு நாள் சாப்பிட்டாள். ஒன்பதாம் நாள் மூக்கில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருக்கிறாள்.

5. சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியாது. காலையிலிருந்து ஒற்றை ஆளாக நின்று களைத்துப்போயிருந்தாள். “பில்லுல பார்மசிஸ்ட் பேர் இருக்கு பாருங்க சார், எதுவா இருந்தாலும் அவரைக் கேளுங்க” என்றாள். பார்த்தேன், என் பெயர். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தப் பெண்ணைத் தயவுசெய்து தண்டிக்க வேண்டாம். அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன் நான்; வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தேன்.

6. தங்கை வீட்டருகிலேயே இரண்டு மருந்துக்கடைகள் உண்டு. அவற்றைத் தாண்டி ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன். “உன் பேரு மாட்டியிருக்கிற கடைண்ணா. நீ இல்லன்னாலும் ஒழுங்கா பாத்துக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்” என்றாள். இது யார் தப்பு என்று விசாரிக்கவும் சொன்னாள். விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஐயா.

7. ஆகவே தாங்கள் நேரில் சென்று அந்தச் சான்றிதழை இறக்கி, என் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைத்து, தகுதியான மருந்தாளுநர் வரும்வரை கடையை மூடி வைக்கும்படி வேண்டுகிறேன். புகார்தாரரும் எதிர்த்தரப்பும் நானே என்பதால் விசாரணைக்கு ஒரே கடிதம் அனுப்பினால் போதும். எந்த நாளானாலும் வருவேன். மாடிப்படி இறங்க மட்டும் கொஞ்சம் நேரமாகும்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மருந்தாளுநர்

நாள்: மார்ச் 14
இடம்: மேற்படி முகவரி

இணைப்பு: கடை பில், மாத்திரை அட்டை.
நகல்: என் தங்கைக்கு. நேரில் சொல்ல இரண்டு முறை போய், நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.