முதல் புளியங்கொட்டை

கண்டி
24.8.1980

மாதம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் அம்மாக்கண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ராமேசுவரத்தில் கப்பல் ஏறி, வாந்தி எடுத்து, தலைமன்னாரில் இறங்கினேன். கடல் பார்க்கத்தான் அழகு. அதன்மேல் உட்கார்ந்து போக லாயக்கில்லை.

நாடு முழுக்கப் பச்சை. அநுராதபுரத்தில் ஓர் அரசமரத்துக்கு வெள்ளை உடுத்திய சனங்கள் தாமரை வைத்துக் கும்பிடுகிறார்கள். அத்தனை கூட்டம், ஒரு சத்தம் இல்லை. நம் திருவிழாவில் இந்நேரம் நாலு மண்டை உடைந்திருக்கும். கண்டியில் பெரஹரா பார்த்தேன். யானைகளுக்குத் துதிக்கைவரை பட்டு போர்த்தி விளக்குப் போட்டு, முன்னால் மேளமும் ஆட்டமுமாக நடத்திப் போகிறார்கள். எல்லாம் புத்தருடைய பல்லுக்காம். ஒரு பல்லுக்கு இவ்வளவா என்று நினைத்தேன். உன் அண்ணன் விட்டுப்போன கம்பளியை நீ இன்றும் மடித்து வைத்திருப்பது ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

நம் புளி இங்கே விலை போகாது. மீன் குழம்புக்குக் கொறக்கா என்று கறுத்துக் காய்ந்த ஒன்றைப் போடுகிறார்கள். நம் தேன் போகும். இன்னும் கொஞ்சம் ஊர் பார்த்துவிட்டு மேலே தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ரங்கன்

*

ஜமுனாமரத்தூர்
4.9.1980

அம்மாக்கண்ணு அப்பாவுக்கு மாதம்மாள் எழுதுவது.

கடையும் வீடும் ஒழுங்காக நடக்கிறது. யானை பார்த்தது சந்தோஷம். எங்க அண்ணனை எப்போது பார்ப்பீங்க?

நம்ம கல்யாணத்துக்கு முந்தின வருஷம் கங்காணி ஒருத்தனோடு கள்ளத்தோணியிலே தோட்ட வேலைக்குப் போனது. ஒரே ஒரு கடுதாசி போட்டது. அந்தத் தோட்டத்துப் பேரை உங்க சட்டைப் பையிலே வைத்துத்தானே அனுப்பினேன்? தை மாசம் பெண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் கை பிடித்துக் கூட்டி வராமல் எங்க வூட்டுப் பெண்கள் பந்தலில் கால் வைத்ததில்லை. பெரியப்பா மகன் மாதையன் தினமும் வந்து, “அவன் எங்க வரப்போறான்? நான் நிக்கறேன்”ங்கிறான். “எங்கண்ணன் உசிரோட இருக்குது, வரும்”னு சொல்லிட்டேன். “அப்போ கவர்மெண்டுக்கு மனு போடறேன், தோட்டத்து ஆளுங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பறாங்களே, அவனையும் புடிச்சி அனுப்புவாங்க”ன்னு கிளம்பிட்டான். போட்டாலும் போடுவான்.

மூட்டையில் நான் தனியாகக் கட்டி வைத்த புளி அண்ணன் நட்ட மரத்துது. விற்றுவிடாதீங்க.

மாதம்மாள்

*

நுவரெலியா
15.9.1980

மாதம்மாளுக்கு,

உட்கார்ந்து படி.

ரயில் மலை ஏற ஏறத் தேயிலைதான். வழித்தபடி வெட்டி விட்டிருக்கிறார்கள், ஒரு செடி தலை தூக்கவில்லை. அருவிகள் தண்டவாளத்துக்கே வந்து விழுகின்றன. பனி இறங்கினால் நம் மலை போலவே இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

தோட்டத்தில் விசாரித்ததில், கீழே சிங்களக் கிராமத்தில் சிறிபால என்று ஓர் ஆளைக் கேட்கச் சொன்னார்கள். போனேன். சிங்களப் பெண்சாதி, மூன்று பிள்ளைகள், முட்டைக்கோஸ் தோட்டம். உன் அண்ணன் சடையனை நான் பார்த்ததில்லையே. உன் மூக்கு மட்டும் அவர் முகத்தில் இருந்தது.

“சடையனா? அவன் செத்துப்போய்ட்டானுங்க” என்றார்.

“எங்க பொதச்சாங்க?”

“மழை பெய்யற காட்டுல எடம் நிக்குமா?”

இங்கே இத்தனை வருஷம் இருந்தும் அந்தப் பேச்சு நம் பேச்சு. நீ தனியாகக் கட்டி வைத்த கொட்டைப் புளியை அவிழ்த்தேன். எந்தப் பழம் தின்றாலும் முதல் கொட்டையைத் தலையைச் சுற்றிப் பின்னால் வீசுவது நம் பக்கத்து வழக்கமல்லவா? அதற்காகவே கொடுத்தேன். அவர் ஒரு சுளை தின்று, உஷாராகக் கொட்டையைக் கையில் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவருடைய சின்னப் பெண் ஒரு சுளையை வாயில் போட்டு, முகம் சுளித்து, முதல் கொட்டையைத் தலையைச் சுற்றிப் பின்னால் வீசியது.

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

பஸ்வரைக்கும் கூட வந்தார். “இந்தியாவுல சனம் இருக்குதுன்னு தெரிஞ்சா பேரைக் கப்பல் லிஸ்டுல ஏத்தித் திருப்பி அனுப்பிடுவாங்க. பொண்டாட்டி புள்ளைங்களை வுட்டுட்டு எங்கங்க போறது?” என்றார்.

“சடையன் அதுக்குத்தான் பயந்தானா?”

“செத்தவனுக்கு இன்னாங்க பயம்?”

பஸ் நகர்ந்தபோது கை காட்டவில்லை. கையை இன்னும் பொத்தியே வைத்திருந்தார்.

வியாபாரத்தில் பொய் கேட்டுப் பழகினவன் நான். இதைப்போல ஒன்றைக் கேட்டதில்லை. கேட்டதையும் பார்த்ததையும் எழுதிவிட்டேன். முடிவு உன்னுடையது.

ரங்கன்

*

ஜமுனாமரத்தூர்
27.9.1980

அம்மாக்கண்ணு அப்பாவுக்கு,

கடுதாசி வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

அண்ணன் செத்துப்போச்சுன்னு நீங்க எழுதினதாக ஊருக்குச் சொல்லிவிட்டேன். வாசலில் உட்கார்ந்து அழுதேன். மாதையன் முதலில் நம்பலை. நான் அழுததைப் பார்த்து நம்பிவிட்டான். அதிலே நடிப்பு ஏதும் இல்லீங்க. எழுதி வைத்திருந்த மனுவை அவனே கிழித்துப் போட்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். கம்பளியை ஆற்றில் விட்டாச்சு. தையிலே பெண்ணை மாதையன் கை பிடித்துக் கூட்டி வரட்டும்.

இனி யாரும் எங்க அண்ணனைத் தேட மாட்டாங்க. நீங்களும் வந்த பிறகு என்னிடம்கூட அதைப் பற்றிப் பேச வேணாம்.

கொட்டை வீசுச்சே, அந்தப் பெண் பேரு இன்னா? கேட்டிருந்தால் எழுதுங்க. கேட்காமல் வந்திருந்தால், கேட்கத் திரும்பிப் போக வேணாம்.

மாதம்மாள்