கரவனெல்லயில் ஓர் ஆப்பிள் மெஷின்

கரவனெல்ல
03.08.2008

அன்பு மருமகள் கேஷானிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். றப்பர் மலையில் அக்கா வழுக்கி விழுவாள், கால் முறியும், பார்க்க ஆளில்லாமல் நீ கொழும்பு வேலையை விட நேரும் என்று போன தீபாவளிக்கே சொல்லிவிட்டேன். என் கம்ப்யூட்டர் கடைக்குப் பக்கத்து மணிக்கூட்டுக் கடை பாறூக்கைக் கேட்டுப் பார்.

ஆனால் வேலையை விடாதே. வீட்டில் ஆப்பிள் மெஷின் இருந்தால் சஞ்சிகைப் பக்கங்களை அங்கிருந்தே செய்யலாம் என்று உன் மேடம் சொன்னாராமே. அதை வாங்க நமக்கு வசதியில்லை. சாதாரணக் கம்ப்யூட்டர் பாகங்களைச் சேர்த்து ஒரு மெஷினைப் பூட்டி, அதில் ஆப்பிள் சிஸ்டத்தை ஏற்றிவிடுகிறேன். கம்பனி இதற்குச் சம்மதிக்காதாம். அது மெஷினுக்குத் தெரியுமா? ரத்தினபுரி மாணிக்க முதலாளி ஒருவருக்கு நான் பூட்டிக் கொடுத்தது ஒரு வருஷமாக இடியிலும் மழையிலும் ஓடுகிறது. மேடத்திடம் தைரியமாகச் சொல்.

போனில் நீ வேகமாகப் பேசுவாய். என்ன வேண்டும் என்று எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடு.

மாமா சந்தனம்


கொழும்பு
10.08.2008

அன்புள்ள மாமாவுக்கு,

முதலாளியின் மெஷினைப் பற்றிச் சொன்னேன். அதை நம்பித்தான் மேடம் தவணை தந்தார். ஒக்டோபர் இதழை நான் வீட்டிலிருந்து முடித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் எடுப்பார்.

சிஸ்டம் டிவிடியையும் பூட் சிடியையும் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். போர்ட், சிப் இரண்டும் இன்டெல் ஆக இருக்கட்டும். மெஷினைத் தொடங்கும்போது பயாஸில் டிஸ்க் செட்டிங்கை ஏஎச்சிஐக்கு மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சிஸ்டம் டிஸ்கைக் காணாது. நான் வரும்வரை அம்மாவுக்கு மாத்திரை ஒழுங்காகக் கொடுங்கள்.

அன்புடன்,
கேஷானி


கரவனெல்ல
28.08.2008

அன்பு மருமகளுக்கு,

மெஷின் பூட்டியாயிற்று. சாம்பல் நிறத்தில் ஆப்பிள் படம் வந்தது, கீழே சக்கரம் சுற்றியது. பிறகு 'உள்ளே வராதே' என்பது போல ஒரு தடை அடையாளம். பாறூக் எட்டிப் பார்த்து, "சந்தனம், பேசாம இந்த ஆப்பிள பஸ் ஸ்டாண்ட்ல கூறு கட்டி வித்துரு" என்றான். "நாளைக்கு வந்து பாருடா" என்றேன். ஒரு கிழமையாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயாஸை நீ சொன்னபடிதான் மாற்றியிருந்தேன். குற்றம் நான் பூட்டிய டிவிடி டிரைவில் இருந்தது. அது அகலப் பட்டி வயர் போட்ட பழசு. டிவிடி எங்கே இருக்கிறதென்றே சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. கடை மெஷினிலிருந்த புது டிரைவைக் கழற்றி இதில் மாட்டினேன். இப்போது கலியாண வீடியோவுக்கு சிடி அடிக்க வருகிறவர்களை எல்லாம் திருப்பி அனுப்புகிறேன்.

ஏறிவிட்டது, மருமகளே! இன்டர்நெட்டுக்கு வேறு கார்ட் தேடிப் போட்டேன். சத்தம் மட்டும் வரவில்லை. பக்கம் செய்ய வாய் எதற்கு? முதலாளியின் மெஷினும் முதலில் இப்படித்தான் அடம் பிடித்தது.

புறப்பட்டு வா.

மாமா சந்தனம்


கொழும்பு
30.09.2008

அன்புள்ள மாமாவுக்கு,

இதழை நேற்றுக் கொண்டுவந்து ஒப்படைத்தேன். அச்சுக்குப் போய்விட்டது. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அம்மாவோ, "எந் தம்பி பூட்டுன மெஷினு" என்று தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இனி எப்போதும் வீட்டிலிருந்தே செய்ய மேடம் விடுவார் போலிருக்கிறது. ஒன்றுதான் கேட்கிறார்: வருஷக்கணக்கில் தாங்குமா? அதை முதலாளியிடம் தானே பேசிக் கேட்பாராம். அவருடைய நம்பரை உடனே அனுப்புங்கள்.

கேஷானி


கரவனெல்ல
02.10.2008

அன்பு மருமகளுக்கு,

முதலாளி கல் வாங்க மடகாஸ்கருக்குப் போயிருக்கிறார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாறூக் வேறு, "எந் நம்பரக் குடு, முதலாளி மாதிரி சிங்களத்துல பேசிக் காட்டுறேன்" என்கிறான். பேசியும் காட்டினான். நானே நம்பிவிட்டேன்.

ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் மேடம் பிடிக்கப் போவது பாறூக்கை அல்ல, உன்னை. அதனால் இதைச் சொல்: அதே சிஸ்டத்தை இன்னொரு டிஸ்கில் ஏற்றிக் கடையில் வைத்திருக்கிறேன். உன் மெஷின் படுத்தால் அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு மலையேறி வந்து மாட்டுவேன். இது சத்தியம்.

நம்பர் மட்டும் கேட்காதே. ரத்தினபுரியில் அப்படி ஒரு மெஷின் இல்லை, முதலாளியும் இல்லை. நான் பூட்டிய முதல் ஆப்பிள் உன்னுடையதுதான்.

மாமா சந்தனம்