அபினாவின் கண்ணில் செம்பு வளையம்

மதிப்பிற்குரிய என் கணவர் ததேயூஸ் அவர்களுக்கு, மஸ்கட்டிலிருந்து பவுலா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தங்கள் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய விழைகிறேன்.

நம் மகள் அபினாவுக்கு மூன்றாம் முறையும் மஞ்சள் காமாலை வந்து கை நடுங்கியபோது, நூல்களைத் தேடிப் படித்து, உடலில் செம்பு தேங்குகிறதா என்று பார்க்கச் சொன்னவள் நான். அவள் கண்ணில் செம்பு வளையத்தைக் கண்ட மருத்துவர், "இத ஆரு சொன்னது?" என்றாராம். "எனக்க பெண்டாட்டியாக்கும் டாக்டரே. பத்தாங்கிளாசு தோத்தவ, படிச்சா விடமாட்டா" என்றீர்களாம். அதை அபினாவை நான்கு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அவளுக்கு மாத்திரை தவற வேண்டாம். செம்பு மிகுந்த சிப்பிக்கறி கொடுக்க வேண்டாம். இது நம் இருவர் வழியாகவும் பிள்ளைகளுக்கு இறங்கும் நோய். "லிண்டோ கல்லு போல இருக்கான்" என்று தட்டிக்கழிக்காமல், திங்களன்று நம் மகனையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்போது என்னை அழைத்துவிட்டு, அலைபேசியை அணைக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். நான் பேசமாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

தங்கள் பவுலா