அலைக்காக நீ செய்த ஒலி

போர்வையைப் பிரித்ததும் முதலில் உப்பு வாடை வந்தது. அதற்குப் பின்னால் பாச்சை உருண்டை வாடை. உன் கணவர் அந்தப் பெட்டியைப் பழைய போர்வை ஒன்றில் சுற்றி, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் இறக்கிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும் இதைக் கடைக்காரர்கள் கிட்டார் புரோசசர் என்பார்கள். நமக்கு அது எப்போதும் பெட்டிதான். முன்பக்கம் காலால் அழுத்தும் சுவிட்சுகள், வலது ஓரத்தில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு மிதி. திருகாணிகளில் துரு ஏறியிருந்தது.

"டீச்சர், இத ஒண்ணு கிளியர் பண்ணித் தரணும். பங்குக் கோவில்ல கொயர் பிள்ளையளுக்குக் குடுக்கப் போறோம். உள்ள கெடக்குத பழைய செட்டிங் எல்லாம் அழிச்சு, கடையில வாங்கினப்ப இருந்தது மாதிரி ஆக்கணும்னு கொயர் மாஸ்டர் சொன்னாவ. இதுக்க புக்கப் படிச்ச ஆளு நீங்கதானே."

நான் போர்வையை மடித்து வைத்தேன். அவரே தொடர்ந்தார். "இந்த வருஷம் சுனாமி நினைவுப் பூசையில அவளப் பத்தியும் பேசப் போறாவ. அடக்கமான பிள்ளைன்னு. மாஸ்டரே பேசுவாவ."

அடக்கமான பிள்ளை. அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். நான் யார் முன்னாலும் குரலை உயர்த்துகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்ற நம்பிக்கையும் எனக்குக் கிடையாது. இருந்தும் உனக்கு எழுதுகிறேன் என்றால், இந்தக் கோபத்தைச் சொல்ல வேறு ஆள் இல்லை. அதில் பாதி உன்மேல்தான்.

அலை வந்த அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், உன் அம்மா மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார்; திரும்பவில்லை. முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு நானும் வந்திருந்தேன். கொயர் மாஸ்டர் கீபோர்டில் ஒரு பாட்டை இழைத்து இழைத்து வாசித்தார். கோவில் முழுக்க அழுதது. நீ கொயரில் கிட்டாரை வைத்துக்கொண்டு, அவர் சொன்ன இடங்களில் மட்டும் தந்திகளை மெல்ல வருடிக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாய்: "சர்பத்து குடிச்ச மாதிரி இருக்குட்டி. எங்க அம்மைக்கு இதா பாட்டு?"

அடுத்த வருடம் உன் கணவர் சவுதியில் தம்மாமிலிருந்து விடுமுறையில் வந்தபோது பெட்டியும் வந்தது. கையேடு முழுக்க ஆங்கிலம், எழுத்துகளோ எறும்பு அளவு. இயற்பியல் நடத்துகிறவள் என்று என்னைக் கூப்பிட்டாய். நான் வந்ததும் முதலில் அடாப்டரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். நூற்றுப்பத்து வோல்ட். நம் வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். "பாத்தியா, இதுக்குத்தான் எனக்க மாப்பிள்ளைய நம்பாம உன்ன நம்புதேன்" என்று அவர் காதுபடவே சொன்னாய். அவர் சிரித்துக்கொண்டே மார்த்தாண்டத்துக்குப் போய் வேறு அடாப்டர் வாங்கி வந்தார்.

பெட்டிக்குள் கம்பெனிக்காரன் வைத்திருந்த ஒலிகள் ஒவ்வொன்றாகக் கேட்டோம். எல்லாவற்றிலும் எதிரொலி வழிந்தது. "கிணத்துக்குள்ள விழுந்தவன் பாடுத மாதிரி இருக்கு. எல்லாத்தையும் அணை" என்றாய். அணைத்தோம். வெறும் கிட்டார் மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து நீ தொடங்கினாய். நான் கையேட்டில் பெயரைப் படிக்க, நீ குமிழைத் திருக, ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஒலியைக் கிழித்துக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் முதலில். அது போதவில்லை, இன்னும் ஏற்றினாய். பிறகு எதிரொலி, சிட்டிகை உப்பு அளவுக்கு. பிறகு அந்த மிதி.

மிதியை நீ கண்டுபிடித்த சாயங்காலம் எனக்கு மறக்காது. குதிகாலை இறக்கி வைத்தால் சத்தமே வராது. அப்படி வைத்துக்கொண்டு தடித்த தந்தியை அடித்தாய். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு முன்காலை மெதுவாக அழுத்தினாய். அடித்த இடமே தெரியாமல், எங்கிருந்து என்று தெரியாமல், ஒலி தரையிலிருந்து எழும்பி வந்தது. கையில் வைத்திருந்த கையேட்டை நான் மூடிவிட்டேன். "இப்பிடித்தான் வந்துச்சு" என்றாய்.

முடிவுதான் உனக்குப் பிடிபடவில்லை. அந்த இரைச்சல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது உனக்கு எரிச்சலாக இருந்தது. தந்தி ஓய்ந்ததும் மிச்சமிருக்கும் கரகரப்பை வெட்டிவிடும் நாய்ஸ் கேட் என்ற ஒன்று பெட்டியில் உண்டு. அதை அளவோடு வை, அதிகமானால் இசையின் வாலையே அறுத்துவிடும் என்று கையேடு எச்சரித்தது. நான் அதை உரக்கப் படித்தேன். நீ அதைக் கடைசி வரைக்கும் திருகினாய். பொங்கிய ஒலி, கதவை அறைந்து சாத்தியதுபோல நின்றது.

"ஏட்டி, இது தப்பு. கூடாதுன்னு போட்டிருக்கான்."

"அவன் கெடக்கான். அலை திரும்பிப் போனதுக்குப் பெறவு ஒரு சத்தமும் இல்ல மக்கா. காக்கா கூடக் கரையல. இதுதான் அது."

அந்த மகிழ்ச்சியில் எழுந்து அடுத்த சுவிட்சை மிதித்தாய். பெட்டியில் ஒளிர்ந்த சிவப்பு எண் மாறியது. செய்ததெல்லாம் போயிற்று.

"சேவ் பண்ணினியா?"

"நீ சொல்லண்டாமா?"

"வாசிக்குதவ நீயா, நானா?"

"பெரிய காலேஜ் டீச்சரு! ஒரு பித்தான அமுக்கச் சொல்லத் தெரியல!"

உன் கணவர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, சண்டையா என்று கேட்டார். இரண்டு பேருமாக அவரை விரட்டினோம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு குமிழையும் எந்த எண்ணில் வைப்பது என்பது எனக்கு அன்றுதான் மனப்பாடமாயிற்று.

அந்த ஒலியோடு இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசைக்குப் போனோம். நன்றிப் பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி உனக்கு என்று மாஸ்டர் சம்மதித்திருந்தார். கோவிலுக்குள் இடம் போதாது. கரையில் நிற்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று கடற்கரை நெடுகக் கோளாம்பி ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள், தென்னைக்கு ஒன்றாக. வீட்டில் நாம் எல்லாவற்றையும் உன் கணவர் வாங்கித் தந்த சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் கேட்டுத்தான் செய்திருந்தோம். கோவிலில் சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியின் வயரை நேராக மிக்சரில் செருகினார். தடித்த ஒலி எதுவும் கோளாம்பிக்குள் நுழையாது. மேலே மிதக்கும் கீச்சு மட்டும் அதன் வாய் வழியாக நூறு மடங்காக வெளியே வரும். நமக்கு அது தெரியாது.

நீ மிதியை அழுத்தினாய். தகரத்தை அறுக்கிற சத்தம் கரை முழுக்கக் கேட்டது. குழந்தைகள் காதைப் பொத்தின. யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் உன்னைப் பார்க்கக்கூட இல்லை. சவுண்ட்காரரைப் பார்த்து விரலைக் கத்தரிபோல அசைத்தார். ஒலி நின்றது. உனக்குத் தெரிந்தது, நின்றுவிட்டது என்று. ஆனாலும் நீ நிறுத்தவில்லை. சத்தமில்லாத கிட்டாரில் கடைசி வரைக்கும் வாசித்தாய். காலை ஏற்றினாய், இறக்கினாய், கையை எடுத்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நன்றிப் பாட்டுக்குத் தந்தி வருடினாய்.

"பொம்பிளைக்கு என்னத்துக்கு இந்த வேல" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். அவர் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் பிழையைக் கண்டுபிடித்தோம். பெட்டிக்குள் ஓர் இடத்தில், இது கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறதா, நேராக மிக்சருக்குப் போகிறதா என்று சொல்ல வேண்டும். மிக்சர் என்று சொன்னால், கீச்சைப் பெட்டியே விழுங்கிக்கொள்ளும். நாம் மாற்றாமல் விட்டிருந்தோம். கையேட்டைப் படித்தவர் நீங்கள்தானே டீச்சர் என்று உன் கணவர் பிறகு ஒருமுறை விளையாட்டாகக் கேட்டார். அந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன். அது தெரியாமல் நடந்தது. தெரிந்த பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தெரிந்த பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டோம். ஒரு சனிக்கிழமை காலை, ஆளில்லாத கோவிலில், ஒற்றைக் கோளாம்பியில் வாசித்துக் காட்டினாய். வீட்டில் கேட்ட ஆழம் இல்லைதான். ஆனால் வர வேண்டியது வந்தது. ஒலி வெட்டி நின்றபோது புறாக்கள் கூரையிலிருந்து பறந்தன. மாஸ்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ளே. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஆளுவளுக்கு இதக் கேட்டா அழுகை வராது. பயம் வரும்."

"எங்களுக்குப் பயமாத்தானே இருந்துச்சு அண்ணே," என்றாய்.

"அது வேற. இது பூசை. இதெல்லாம் வீட்டுல வச்சு வாசி, மக்கா. என்ன?"

என்ன என்று கேட்டதற்கு நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலைத்தான் அவர் இப்போது அடக்கம் என்று மேடையில் பேசப் போகிறார். திரும்பி வரும் வழியில் நான் சொன்னதெல்லாம் உனக்குக் கேட்டிருக்கும்: பங்குப் பேரவைக்கு எழுதுவோம், பங்குச் சாமியாரைப் பார்ப்போம், அவருடைய கோவிலா இது என்று. நீ, "விடு ஏட்டி. எனக்க அம்மைக்காக நீ என்னத்துக்குக் கெடந்து சாடுத?" என்றாய். அதற்குப் பிறகு நான் நினைவுப் பூசைக்கு வரவில்லை. நீ ஒவ்வொரு வருடமும் அங்கே நின்று மெல்ல வருடிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தாலே ஆத்திரம் வந்தது. மற்ற நாட்களில் பேசினோம், திருவட்டாறு போனோம், புடவை வாங்கினோம். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. பிறகு உனக்கு நோய் கண்டது. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் உன் கணவரிடம் கேட்டேன், பூசையில் தடுத்த பிறகு அவள் இதைத் தொட்டாளா என்று.

அவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன டீச்சர் இப்பிடிக் கேக்கிய? ஒங்களுக்குத் தெரியாதா?"

"எது?"

"வருஷா வருஷம் வாசிப்பாளே. பூசை முடிஞ்சு வந்து, ஆம்ப்ளிஃபயரத் தூக்கி வாசல்ல கடலப் பாக்க வைப்பா. ஒரு தடவதான். நான் லீவுல இருந்த வருஷம் பாத்தேன். பக்கத்து வீட்டு ஆளுவ எல்லாம் வெளிய வந்து நிப்பாவ. ஆளப் பறி குடுத்த வீட்டுக்காரங்க. அழவும் மாட்டாவ, பேசவும் மாட்டாவ. சத்தம் வெட்டி நிக்கும்லா, அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் அப்பிடியே நிப்பாவ. பெறவு உள்ள போயிருவாவ."

எழுந்து அடுக்களைக்குப் போய் வெறுமனே குழாயைத் திறந்து மூடினேன்.

தெரு முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. உன் பக்கத்தில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை செய்தவள் நான். தெரிந்தால் சண்டை இழுப்பேன், யாருக்காவது எழுதுவேன், நீங்கள் எல்லோரும் பிடித்துவைத்திருந்த அந்தச் சின்ன வாசலையும் போர்க்களமாக்குவேன் என்று பயந்தாயா? இழுத்திருப்பேன்தான். அதற்காக என்னை விட்டுவிடுவாயா? 'விடு' என்றவள் நீ எதையும் விடவில்லை. விட்டது என்னை மட்டும். சாகும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு மாத்திரை கசக்கிறது என்றெல்லாம் சொன்னாய். இதைச் சொல்ல வாய் வரவில்லையா உனக்கு?

அவர் போன பிறகு மாஸ்டரே போனில் கூப்பிட்டார்.

"அழிச்சாச்சா டீச்சர்?"

"இல்ல. அழிக்கப் போறதும் இல்ல."

"பிள்ளையளுக்கு உபகாரப்படும்லா..."

"பெட்டியத் தாறேன். அவ செஞ்சது உள்ள இருக்கும். அவளப் பத்தி நீங்க பேசுதுக்குப் பதிலா அத ஒரு தடவ வாசிக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் பழைய கதை. அவளே மறந்தாச்சு."

"உங்க வீடும் அந்தத் தெருவுலதானே இருக்கு. வருஷா வருஷம் உங்க காதுல விழலியா?"

"விழுந்துச்சு," என்றார்.

"அப்பறம் எப்பிடி அடக்கம்னு பேசுவிய?"

போன் வைக்கப்பட்டது.

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. அழிக்க மாட்டேன் என்றதும், நினைவு நாளன்று உன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் உன் கணவர். அவருக்கு ஒரே ஒரு தந்தியை அடிக்கத் தெரியுமாம்; அது போதும், மிச்சத்தைக் கால் பார்த்துக்கொள்ளும் என்று நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அவருக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

நான் வருவேன். பூசைக்கு வரமாட்டேன், வாசலுக்கு வருவேன். பக்கத்து வீட்டுக்காரர்களோடு நின்று, என்னிடம் சொல்லாமல் நீ வாசித்த அத்தனை வருடங்களையும் ஒரே தடவையில் கேட்பேன். கேட்டால் மனது ஆறிவிடும் டீச்சர் என்கிறார் உன் கணவர். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. உன்னைப் பற்றி எல்லோரும் இனிப்பாகப் பேசி முடித்துவிட்டார்கள். உன் கோபத்தை வைத்திருக்க ஒரு ஆளாவது வேண்டும். அது நான்தான். என் கோபத்தையும் அதோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.