பதினைந்து கிலோமீட்டர்

ஜூன் 3
காலை பத்தேகாலுக்கு லைன் நின்றது. எர்த் ஃபால்ட். உயர் அழுத்த டி.சி. கம்பி எங்கோ மண்ணோடு தொடர்பு கொண்டுவிட்டது. கண் இமைப்பதற்குள் பாதுகாப்பு ரிலே மின்சாரத்தை நிறுத்திவிட்டது. பழுது கம்பியில் கிளப்பும் மின் அதிர்வு எங்கள் நிலையத்துக்கு வந்த நேரம், மறுமுனை நிலையத்துக்குப் போன நேரம் — இரண்டின் வித்தியாசத்தை வைத்துத்தான் பழுதான இடத்தைக் கணக்கிடுவோம். மறுமுனையிலிருந்து ஒரு புதுக்குரல் எண்களை ஒப்பித்தது. முன்பெல்லாம் அண்ணன் சொல்வார்.

ஜூன் 4
லைன் மேஸ்திரி கடுப்பில் இருக்கிறார். "நீங்க சொன்ன கோபுரத்துல ஒண்ணுமில்லம்மா. பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி இன்சுலேட்டர் உடைஞ்சு கிடக்கு."

மனம் அண்ணன் பக்கமே போகிறது. மறுமுனைப் பொறியாளர், உறவெல்லாம் இல்லை. ஒன்பது வருடம் தினமும் காலையில் போனில் பேசினோம், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. எண்களைச் சொல்லி முடித்ததும், "சர்க்கார் வேலை முடிஞ்சுது தங்கச்சி, இனி ஊர்க்கதை" என்பார். அவர் மகள் சைக்கிள் பழகியது, முன்பல் விழுந்தது எல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டுக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் முதலில் சொன்னதே அவரிடம்தான். "வேற வழி?" என்று சிரித்தார். எவ்வளவு நல்ல காலைகள்.

பதினோரு வருடம் முன்பும் இப்படித்தான், கணக்கு இடம் தவறியது. தேடித் தேடி இரண்டு நாள் ஊரே இருட்டு. மறுமுனைக் கடிகாரத்தில்தான் பிழை என்று அறிக்கை எழுதினேன். அவரைப் பதவி இறக்கிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அதோடு பேச்சு நின்றது.

ஜூன் 6
பிழை எங்கள் கடிகாரத்தில். கூரை ஆன்டெனாவின் இணைப்பு துருப்பிடித்து, செயற்கைக்கோள் நேரம் கிடைக்காமல் அது தன் போக்கில் ஓடியிருக்கிறது. ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் பதினைந்து கிலோமீட்டர்.

முன்பு எப்போது இப்படி ஆனது என்று பழைய பதிவேட்டைப் புரட்டினேன். பதினோரு வருடம் முன்பு, அதே பழுது வந்த நாள் காலையில்: "கடிகார எச்சரிக்கை. சும்மா சும்மா கத்துகிறது. அணைத்துவிட்டேன்." கீழே என் கையெழுத்து.

நானா? நான்தான். வேணும்னு அப்படி அறிக்கை எழுதல — சுத்தமா மறந்துட்டேன். மறந்துட்டு அவர் தலையில கட்டிட்டேன்.

ஜூன் 7
வீட்டுக்காரர்: "ஆறிப்போனதை எதுக்குக் கிளறுற? உன் வேலைக்கே உலை வைக்கும்."

யாருக்கு ஆறியது?

ஜூன் 9
அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு அவர், "மன்னிப்பை நீயே வச்சுக்கோ. எழுத்துல குடு. நான்தான் ஊரை இருட்டாக்கினேன்னு என் பொண்ணு இன்னும் நினைச்சிட்டிருக்கா. நானே சொன்னா சப்பைக்கட்டு மாதிரி இருக்கும்."

ஜூன் 10
பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். ஒரு பிரதி அவருக்கு.

ஜூன் 21
மெமோ வந்தது. ரிலே பிரிவிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். அழுதேன். இருபது வருடம் அந்த அறையில் இருந்திருக்கிறேன்.

ஜூலை 2
மத்தியானம் ஒரு பெண்குரல். அவர் மகள்.

"உங்க கடிதத்தை அப்பா சத்தமா வாசிக்கச் சொன்னார் அத்தை. ரெண்டு தடவை. அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வச்சார்."

கூடப்பிறந்தவர் யாருமில்லாத என்னை, அவள் பேச்சு முழுக்க அத்தை என்றே கூப்பிட்டாள்.