கார் தண்ணீரும் நல்லம்மா அக்காவின் கண்ணும்

என்னங்க,

கார் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. நம்முடையதைப் போன்ற எல்லாக் கார்களிலும் கூலண்ட் தண்ணீர் கசிகிறதாம். ஓட்ட வேண்டாமாம், இன்று பதுளையிலிருந்து லொறி வந்து ஏற்றிப்போய்த் திருத்தித் தருவார்களாம். சாவி கதவுப் பக்கத்து ஆணியில். நான் பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போகிறேன்.

லொறி வருமுன் நீங்கள் காரில் கட்டிய எலுமிச்சங்காயையும் மிளகாயையும் கழற்றிவிடுங்கள். "பக்கத்து வீட்டு நல்லம்மா அக்கா கண்ணு பட்டுத்தான் தண்ணி வத்துது" என்று அவர் காதுபடச் சொன்னீர்களே, நாட்டிலுள்ள காரையெல்லாமா அக்கா பார்த்தார்? அன்றிலிருந்து அவர் வேலிப்பக்கம் வராமல் எனக்குக் காலை விடிந்த மாதிரியே இல்லை.

ரொட்டியும் கட்டசம்பலும் மூடி வைத்திருக்கிறேன்.

யசோதினி

பி.கு: அக்காவைச் சாயந்திரம் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுவிட்டேன். வருகிறாராம். நான் வேண்டுமென்றே பிந்தித்தான் வருவேன்.