சீராகப் போன மீன்கள்

வைகாசி 4, ஞாயிறு

காலையிலேயே வெயில். ஷெட்டில் தண்ணீர் தெளிக்கும் மோட்டார் மறுபடி மக்கர். கோழியெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, மாப்பிள்ளை தூங்குவது மாதிரி.

வியாழக்கிழமை தங்கச்சி மணி புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள். சேலம், ஃபேர்லேண்ட்ஸ். கூடப் பிறந்தவள் ஒருத்திதான். பிறந்த வீட்டுச் சீரில் குறை இருக்கக் கூடாது. குத்துவிளக்கு, அது சரசு பொறுப்பு. பட்டு, ராசிபுரத்தில் சொல்லியாச்சு. பித்தளை அண்டா. வாழைத்தார். அப்புறம் மீன்.

மீன், மாப்பிள்ளை கேட்டது. ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார். "மச்சான், மீனு உங்க சீருங்க" என்றார். டிஸ்கஸ் என்று பெயராம். தட்டு மாதிரி வட்டமாக இருக்குமாம். மணியின் மகள் ஹரிணி போனில் பாடமே நடத்திவிட்டாள். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள், பாவம்.

"மாமா, அதுல ரண்டு வகை. ஆத்துல புடிச்சுட்டு வாரது ஒண்ணு. தொட்டியிலயே குஞ்சு பொரிச்சு வளத்தறது ஒண்ணு. நமக்குத் தொட்டியில வளந்ததுதான் ஆகும். மறந்தறாதீங்க."

"ஏஞ்சாமி, உன்ற மாமன் கோழிக்காரன். பண்ணையில வளந்ததைப் பத்தி எனக்கே சொல்றயா?"

"மீனு கோழி இல்லீங்க மாமா!"

"ரண்டும் முட்டைதான போடுது?"

வைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.

வைகாசி 6, செவ்வாய்

சேலம். கோழி மருந்து வாங்கினேன். மோட்டாருக்கு வாஷர் மறந்தாச்சு.

மீன் கடை. முன்னால் இருந்த தொட்டியில் பண்ணை டிஸ்கஸ். சிவப்பு, நீலம், கல்யாணப் பந்தல் சீரியல் லைட் மாதிரி. கண்ணாடியில் விரலை வைத்தால் ஓடி வருகின்றன. மூலையில் இருட்டுத் தொட்டியில் நாலு மீன். காப்பி நிறம், உடம்பில் கறுப்புக் கோடு. என்னைக் கண்டதும் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. கடல் தாண்டி ஏதோ பெரிய ஆற்றில் வலை போட்டுப் பிடித்ததாம்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நாட்டுக்கோழி இப்படித்தான். ஆளைக் கண்டால் ஓடும். மழை, வெயில், சீக்கு எல்லாம் தாங்கும். பண்ணைக் கோழிக்கு அரை நாள் ஃபேன் நின்றால் போச்சு.

கடைக்காரர் தயங்கினார். "அண்ணே, புதுசா வளக்கறவங்களுக்கு நான் இதைக் குடுக்கறதில்ல. போர் தண்ணி ஆகாது, ஆர்ஓ தண்ணிதான். தீனியும் சட்டுனு எடுக்காது, பழக்கணும்."

"ஆத்துல சேத்துத் தண்ணி குடிச்சு வளந்ததுக்கு ஆர்ஓவாப்பா?"

"அந்த ஆத்துத் தண்ணியில உப்பே கெடையாதுண்ணே."

தலையை ஆட்டினேன். காதில் வாங்கவில்லை. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரசுவிடம் சொன்னதும் என் வீட்டுக்காரியாக லட்சணமாக ஒரு இடி: "ஊருக்கெல்லாம் பண்ணை முட்டை, நம்மூட்டுக் கொழம்புக்கு மட்டும் நாட்டுக்கோழி. மீன்லயும் அதேதானுங்களா?"

ஆமாம். தங்கச்சிக்கு மட்டமானதையா கொடுப்பேன்?

வைகாசி 8, வியாழன்

பால் நன்றாகப் பொங்கியது. சாம்பாரில் உப்பு கம்மி. பட்டு மணிக்கு எடுப்பாக இருந்தது.

ஹரிணி தொட்டியில் ஆர்ஓ கேன் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். அவள் பந்தியில் இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது பாதியை வடித்துவிட்டு, வண்டியில் கொண்டுபோன நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். பிறந்த வீட்டுத் தண்ணீரும் சீர்தானே. கடைக்குப் போய் மீனை எடுத்துவந்து விட்டேன்.

அப்புறம் நடந்ததை எழுத வரவில்லை. தலைவலி.

வைகாசி 9, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

சாப்பாடு முடிந்து சொந்தமெல்லாம் தொட்டியைச் சுற்றி நின்றது. மாப்பிள்ளையின் அம்மா, மணியின் மாமியார், கேட்டுவிட்டார்: "ஏந்தம்பி, சீருன்னு கொண்டாந்த மீனு இப்படி மங்கலா இருக்குது? செவப்பாக் கெடைக்கலையா?"

அத்தனை பேருக்கு நடுவில். என் வாய்க்கு அது போதும்.

"அத்தை, செவப்பா இருக்கறதெல்லாம் கண்ணாடிக்குள்ள பொறந்ததுங்க. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு உண்டாக்குன புள்ளையாட்டம். பாக்கறதுக்குத்தான் பளபளப்பு. இது ஆத்துல அப்பனும் ஆத்தாளும் கூடிப் பொறந்தது. வம்சம்னா இதுதானுங்க வம்சம்!"

ஹாலே சிரித்தது. ஹரிணி என் முதுகில் தட்டித் தட்டி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். எனக்குப் பெருமை வேறு.

அப்போதுதான் மணியைப் பார்த்தேன். கையில் காப்பித் தட்டு. யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை மீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹரிணி அப்படிப் பிறந்தவள்தான். பத்து வருடம் பிள்ளையில்லாமல், மாமியார் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்து பெற்றாள். மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது அவர்கள் இரண்டு பேர், நான், சரசு. முட்டை வண்டியில் மணியை ஏற்றிக்கொண்டு போனவனே நான்தான். வழியெல்லாம் எதையாவது உளறிச் சிரிக்க வைப்பேன். இல்லாவிட்டால் அழுதுவிடுவாள்.

தெரியாதவன் சொல்லியிருந்தால் வாய் தவறியது என்று விட்டுவிடலாம். நான் தெரிந்தவன். சிரிப்பு வந்தால் போதும் என்று எது கையில் கிடைத்ததோ அதை எடுத்து வீசிவிட்டேன்.

நல்லவேளை, ஹரிணிக்கு இது தெரியாது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

வண்டியிலிருந்து இறங்கும்போது சரசு: "சிரிக்கறதுக்கு உங்களுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலீங்களா?"

முட்டை லோடு போயாச்சு. மணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

வைகாசி 11, ஞாயிறு

ஹரிணி போன். "மாமா, மீனெல்லாம் கறுத்துப்போச்சுங்க. மூலையில தலையக் கீழ போட்டு நிக்குது. தண்ணியில என்னத்த ஊத்துனீங்க?"

சொன்னேன்.

"கெணத்துத் தண்ணியா மாமா?"

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

நம் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? குழாய் வாயில் சுண்ணாம்பு மாதிரி அடை கட்டும், பருப்பு வேகாது. நாட்டுக்கோழி தாங்கும் என்றால் ஆற்று மீனும் தாங்கும் என்று ஒரு நினைப்பு. அது பிறந்த தண்ணீரை விட்டு வேறு தண்ணீரே பார்க்காதது. தொட்டியில் பிறந்ததுதான் ஊர்த் தண்ணீருக்குப் பழகிப் பழகி வந்ததாம். கோழிக்குச் சரியாக இருப்பது மீனுக்குத் தலைகீழ்.

போனேன். இரண்டு செத்து மிதந்தன. ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றினால் மிச்சமும் போய்விடும் என்றாள் ஹரிணி. கொஞ்சம் மோந்து ஊற்றி, கொஞ்சம் கேன் தண்ணீர் விட்டு, மறுபடி மோந்து. நான் மோந்தேன், அவள் ஊற்றினாள். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. என்னதான் அரைத்தாளோ மணி.

"மாமா, நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க. ஏதாச்சும் சொல்லுங்க."

ஒன்றும் வரவில்லை. நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவை.

வைகாசி 13, செவ்வாய்

நேற்றுக் காற்றும் மழையும். வாழை சாய்ந்தது. சரசுவுக்குக் கால் வலி, தைலம் வாங்கணும்.

கேன் தண்ணீர் எடுத்துப் போனேன். மூன்றாவதும் போய்விட்டது. பின்பக்கம் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். மணி வந்து நின்றாள்.

"ஹரிணிக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை. "என்னது சாமி?"

"அவ எப்படிப் பொறந்தான்னு. போன வருசமே சொல்லிட்டேன். இன்னொருத்தர் வாயில இருந்து கேட்டுறக் கூடாதுன்னு." நிறுத்தினாள். "இன்னொருத்தர்னு நான் நெனச்சது எங்க மாமியாளை."

வாளியைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு ஏன் அத்தனை சத்தமாச் சிரிச்சா தெரியுமா? எல்லாரும் அவளைப் பாக்கோணும்னு. எம்மூஞ்சிய ஒருத்தரும் பாத்தறக் கூடாதுன்னு. எல்லாரும் போனதுக்கப்புறம் பாத்ரூம்ல போய்த் தாப்பாப் போட்டுக்கிட்டா."

"மணி, நான் வேணும்னு..."

"வேணும்னு இல்லைன்னு எனக்குத் தெரியாதாண்ணா? ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் என்னைச் சிரிக்க வெச்சதும் இந்த வாய்தான்."

உள்ளே போய்விட்டாள். அன்று என் முதுகில் ஹரிணியின் கை பட்டதை நினைத்துக்கொண்டே நின்றேன். தட்டித் தட்டிச் சிரித்தாளே. பெருமை வேறு பட்டேனே.

வண்டியை எடுத்து ராசிபுரம் தாண்டி வந்த பிறகுதான் செருப்பைப் போடாமல் வந்தது தெரிந்தது.

வைகாசி 15, வியாழன்

காலையில் ஷெட். தீனி. மோட்டார் சரியாச்சு.

மிஞ்சிய ஒரு மீனைக் கடைக்காரரிடமே கொண்டுபோனேன். தனித் தொட்டியில் விட்டார். "பொழைச்சுக்கும்ணே, பாக்கலாம்" என்றார். நான் சொன்னேனே என்று சொல்லிக்காட்டவில்லை.

"இப்ப எது போடட்டும்ணே? ஆத்துல புடிச்சதா, தொட்டியில பொறந்ததா?"

அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. விரலால் காட்டினேன்.

ஃபேர்லேண்ட்ஸ். என் செருப்பு வாசலில் துடைத்து வைத்திருந்தது. ஹாலில் மாப்பிள்ளையின் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஹரிணி பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, மீன்களை விட்டாள். சிவப்பு ஹால் பூராவும் தெரிந்தது. அந்தம்மா எழுந்து வந்துவிட்டார்.

"ஏந்தம்பி, இது கண்ணாடிக்குள்ள பொறந்ததுதான? அன்னிக்கு அத்தனை எளக்காரமாச் சொன்ன?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஹரிணி என்னைப் பார்க்கவில்லை, தொட்டியையே பார்த்தாள்.

ஒரு ஜோக் வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"ஆமாங்க அத்தை. கண்ணாடிக்குள்ள பொறந்ததுதான். நான் அன்னிக்குச் சொன்னது அத்தனையும் தப்புங்க. வெவரம் கெட்டுப் பேசிட்டேன்."

"அதுக்கேன் தம்பி கண்ணு கலங்குது? மீனுதான?"

"ஆத்தா, இங்க பாருங்க" என்று ஹரிணி பாட்டியின் பேச்சில் குறுக்கே புகுந்தாள். "இது குஞ்சு பொரிச்சா, குஞ்சுங்க எல்லாம் அம்மா உடம்புல ஒட்டிக்கிட்டு, அந்தத் தோல்ல ஊறறதத்தான் திங்குமாம்."

"தொட்டியில பொறந்ததுமா?"

"தொட்டியில பொறந்ததும்தான்."

அந்தம்மா கண்ணாடிக்கிட்ட மூக்கை வைத்துப் பார்த்தார். ஹரிணி என் பக்கம் திரும்பினாள். சிரிக்கவில்லை. தீனி டப்பாவை என் கையில் கொடுத்தாள். போட்டேன். ஓடி வந்து தின்றன.

மணி காப்பித் தட்டோடு வந்தாள். மாமியாருக்குக் கொடுத்தாள், மகளுக்குக் கொடுத்தாள். தட்டில் இன்னொரு டம்ளர் இருந்தது. என் முன்னால் நீட்டினாள். எடுத்து, ஆற்றாமல் கொள்ளாமல் ஒரே மடக்கு.

நாக்கு இன்னும் எரிகிறது.